மறைத்தலும் முதியோர் உறக்கமும்

உயிரின் அறிவை இயல்பாகவே மூடியிருக்கும் ஆணவ மலத்தை இருள் என்றே வழங்கும் சைவ சித்தாந்தம், இறைவனின் ஐந்தொழில்களுள் மறைத்தலையும் ஒன்றாக வைத்து, அதுவும் அருளின் செயலே என்றும், அழித்தல்கூடப் பிறவியில் களைத்த உயிர்களை இளைப்பாற்றுவதற்கே என்றும் கொள்கிறது. இருட்டு முழுவதையும் பகையாகக் கருதுவோர் இந்த இரண்டாம் பகுதியை எளிதில் மறந்துவிடுகின்றனர். முதியோரின் படுக்கையறைக்கு விளக்கு அமைக்கும்போது அந்த மறதியின் விளைவு தெரிகிறது.

புதுச்சேரியின் பெரிய மார்க்கெட்டை அடுத்த தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் பழைய தமிழ் வீடுகளில், திண்ணையும் முற்றமும் முதியவரைப் பகல் வெளிச்சத்தில் அமர்த்தின. அவை அடைபட்ட வீடுகளில் அவர் பகலை மங்கிய உள்ளறையிலும், இரவை வெள்ளை எல்இடி குழல்விளக்கும் தொலைக்காட்சியும் எரியும் கூடத்திலும் கழிக்க நேர்கிறது. விழித்திரையில் மெலனாப்சின் என்னும் நிறமியைக் கொண்ட சில செல்கள், ஏறத்தாழ 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியைச் சிறப்பாக உணர்ந்து, உடலின் இரவுபகல் கடிகாரத்தைச் சரிசெய்கின்றன. வயது ஏற ஏறக் கண்வில்லை மஞ்சளாகி அந்த நீலத்தையே தடுப்பதால், இளையவருக்குப் போதுமான பகல் வெளிச்சம் முதியவருக்குப் போதாது. அச்செல்களின் உணர்திறனுக்கேற்பக் கணக்கிடும் லக்ஸ் அளவில், கண்ணருகே பகலில் குறைந்தது 250, உறங்குவதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் அதிகபட்சம் 10, உறங்கும்போது அதிகபட்சம் 1 என்று 2022-இல் வல்லுநர் குழு ஒன்று பரிந்துரைத்தது. அது இளம் வயதினரையும் நடுத்தர வயதினரையும் மனத்திற்கொண்ட அளவாகையால், முதியோரின் பகலுக்கு அதற்கு மேலும் வேண்டியிருக்கும்.

இவ்வூரின் மணக்குள விநாயகருக்கும் பள்ளியறை உண்டு. தெய்வத்துக்குத் தரும் இரவை வீட்டுப் பாட்டிக்கு மறுப்பது விந்தையே. அருட்பெருஞ்சோதியை வழிபட்ட வள்ளலார் உறக்கத்தைக் குறைக்கச் சொன்னாரே என்று ஒருவர் மறுக்கலாம். அது சாதகர் விரும்பி ஏற்கும் ஒழுக்கமாகையால், உறங்க விரும்பியும் இயலாத முதிய உடலுக்குப் பொருந்தாது. மேலும் 1872-இல் அவர் வடலூரில் நிறுவிய சத்திய ஞான சபையிலும் சோதி ஏழு திரைகளுக்குப் பின்னேதான் இருக்கிறது.

எனினும் அறையை முற்றிலும் இருட்டாக்குவதும் தவறு. நள்ளிரவில் கழிப்பறைக்கு எழுபவர் தடுக்கி விழாதபடி, கட்டிலுக்குக் கீழே, கண்ணில் நேராகப் படாத மஞ்சள் நிற விடிவிளக்கு வேண்டும். உயிரின் பக்குவம் அறிந்தே இறைவன் மறைக்கிறான் என்பது சித்தாந்தம். ஆகவே கண்புரை உள்ளவருக்கும் இருட்டில் அஞ்சுபவருக்கும் எவ்வளவு வெளிச்சம் விடுவது என்பதை அவரவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.