எல்லா வழியும் ஒன்றாய்ச் சேருமா?

நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பது எட்டயபுரத்தில். அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் அரசவைப் புலவர் கடிகைமுத்துப் புலவர். தேவி உபாசகரான முத்துசுவாமி தீட்சிதர் 1835 தீபாவளியன்று சமாதியானதும் இதே ஊரில். 1882இல் இங்கே பிறந்த பாரதி, சக்தியைப் பாடிய வாயால் அல்லாவையும் இயேசுவையும் பாடினார்.

வழி பல, சேருமிடம் ஒன்று என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும் என்பார்கள் மேடைப் பேச்சாளர்கள். 1893இல் சிகாகோவில் விவேகானந்தர் பல நதிகள் ஒரே கடலில் கலப்பதைச் சொன்ன நாள்முதல் இந்தப் பேச்சுக்குக் கைதட்டல் நிச்சயம். செய்தியை ஒளியாகச் சுமக்கும் கண்ணாடி இழை மட்டும் கைதட்ட யோசிக்கிறது.

டேட்டா சென்டரில் ஸ்விட்சில் செருகும் குறுந்தூர டிரான்சீவர், ஏறக்குறைய கட்டைவிரல் பருமன். உள்ளே இருக்கும் லேசர் விநாடிக்கு 1,000 கோடி பிட்டுகளை ஒளித் துடிப்புகளாக அனுப்பும். 850 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லையே என்று முனையை எட்டிப் பார்க்கவும் கூடாது. இழையின் உட்கரு 50 மைக்ரான்தான் என்றாலும் ஒளிக்கு அது அகலத் தெரு. நட்டநடுவே போகும் கதிர் ஒன்று, ஓரமாக வளைந்து வளைந்து போகும் கதிர் ஒன்று என நூற்றுக்கணக்கான வழிகள். எல்லாம் மறுமுனைக்கே போகின்றன. ஆனால் ஒரே துடிப்பாகக் கிளம்பியவை முன்னும் பின்னுமாக வந்தால் அடுத்த துடிப்போடு கலந்து, செய்தி குழம்பிவிடும்.

போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது.

பொறியாளர்கள் வழிகளை அடைக்கவில்லை. கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணை நடுவில் கூட்டி, ஓரத்துக்குப் போகப் போகக் குறைத்தார்கள். அதனால் நடுவில் ஒளி மெதுவாகவும் ஓரத்தில் வேகமாகவும் போகும். சுற்றி வருவதும் நேரே வருவதும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்துசேரும். வித்தியாசத்தை அளந்து பார்த்ததால் கிடைத்த ஒற்றுமை இது. சமரசம் பேசுகிறவர்கள் தாண்டிப்போகும் இடமும் இதுவே. தொழுகையும் தேவி பூசையும் ஒன்றேதான் என்று சொல்லிவிட்டால் இரண்டையும் உற்றுப் பார்க்கும் வேலை மிச்சம்.

இந்த ஏற்பாட்டுக்கும் எல்லை உண்டு. ஓஎம்3 என்னும் பலவழி இழையில் 10 கிகாபிட் வேகம் 300 மீட்டர் வரை. நான்கு தடங்களில் 100 கிகாபிட் என்றால் 70 மீட்டர். அதைவிட வெகுதூரம் என்றால், இந்த நீலப்பச்சைக் கேபிளை விட்டு மஞ்சள் கேபிளுக்கு மாறவேண்டும்: சுமார் 9 மைக்ரான் உட்கரு, ஒரே வழி. கண்டங்களை இணைக்கும் கடலடிக் கேபிளுக்குள் இருப்பதும் ஒற்றைவழி இழைதான். தன் மார்க்கமே மார்க்கம் என்பவருக்கு இது இனிக்கும். பக்கத்து ரேக்கோடு பேச ஒற்றைவழியைவிடப் பலவழி இழையே பெரும்பாலும் சிக்கனம் என்பதையும் அவர் கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் இழைக்கு மறுமுனை எது என்பதில் சச்சரவில்லை. மதங்களுக்குச் சச்சரவே அங்கேதான். சைவ சித்தாந்தியின் முத்தியில் உயிர் அழியாமல் சிவனடியில் நிற்கிறது. அத்வைதிக்கு அங்கே நிற்க இரண்டாவது ஆளே இல்லை. இஸ்லாத்தில் படைத்தவன் வேறு, படைப்பு வேறு. வழிகளை ஒப்பிடுமுன், இவர்கள் ஒரே ஊருக்குத்தான் கிளம்பினார்களா என்றல்லவா கேட்கவேண்டியிருக்கிறது?