காலம் கடந்த கடன்



"பாஸ்டர், தவணையில வாங்கின பொருளுக்கு இத்தனை வருஷம் கழிச்சு கோர்ட்டு சம்மன் வந்திருக்கு, ஜெபம் பண்ணுங்க" என்று கேட்கிறவர்கள் உண்டு. ஜெபிப்போம். ஆனால் சம்மனை வாங்காமல் ஒளிவது விசுவாசமல்ல. சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்துமூலம் பதிலுரை கொடுக்க வேண்டும். போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாய்த் தீர்ப்பாகிவிடும். வக்கீலுக்கு வசதியில்லாதவர்கள் தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். சகோதரிகளுக்கு வருமானம் பாராமலே இலவச உதவி உண்டு.

1963-ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி, இப்படிப்பட்ட கடனுக்கு 3 வருஷத்துக்குள் வழக்குப் போடணும். அதற்குள் கடனை எழுதி ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருந்தால், அன்றிலிருந்து புதிதாய் 3 வருஷம்.

உண்மையாய் வாங்கின கடனுக்கு, "காலம் கடந்துபோச்சு" என்று விசுவாசி சொல்லலாமா? சொல்லலாம் என்பேன். அது பொய்யல்ல. உபாகமம் 15-ம் அதிகாரத்திலும் 7 வருஷத்துக்கு ஒருமுறை கடன்பட்டவனுக்கு விடுதலை உண்டே! ரசீதும் சாட்சியும் தொலைந்தபின் ஏழையை இழுத்தடிக்காதபடி சட்டம் போட்ட வேலி இது.

ஆனால், "நான் வாங்கவே இல்லை" என்று சொன்னால் அது பொய்ச்சத்தியம். சட்டம் வழக்கைத்தான் தள்ளுகிறது, கடனை அழிப்பதில்லை. வழக்குத் தள்ளுபடியான அன்று இரவு, உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். அசலில் மெய்யாகவே பாக்கி இருந்தால், திராணிக்குத் தக்கபடி கொடுத்துத் தீருங்கள். வட்டிக்கு வட்டி கேட்டால் அதற்கு மனசாட்சி கட்டுப்படாது. கோர்ட்டு கேட்காததை மனசாட்சி கேட்குமானால், அதற்கும் பதில் சொல்ல வேண்டுமே.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக.