எந்தத் தண்ணீர்?

உடம்பு நம்முடையது, அதன் நலமும் நம் பொறுப்பு என்பதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் தோல் ஆலைக் கழிவால் பாலாற்றுப் படுகையின் கிணறுகள் கெட்டன. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெட்ட நிலத்துக்கு ஏக்கர் கணக்கு உண்டு. நல்ல தண்ணீருக்காகக் குடத்தோடு கூடுதல் தூரம் நடந்தவளின் இடுப்புவலிக்கு? “நிறையத் தண்ணீர் குடிம்மா” என்பது நல்ல வைத்தியம்தான். எந்தத் தண்ணீரை என்று மருந்துச்சீட்டில் இருப்பதில்லை.

ஆலையை மூடு என்றும் நான் சுலபமாகச் சொல்லிவிட மாட்டேன். அங்கே காலணி தைக்கும் பெண்களின் கூலியும் அந்தத் தோலில்தான் இருக்கிறது. கூலி நின்றால் முதலில் குறைவது அவர்கள் தட்டுச் சோறு. ஆகவே கழிவுநீரைச் சுத்திகரிக்க ஆகும் பணத்தை மருத்துவச் செலவு என்றே எழுதுவேன், ஆலையின் கணக்கில்.