கூத்தும் ஊரும்



ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பர் எம் பெரியோர். நாடகத்துக்கும் அது பொருந்துமா? ஒரே மண்டபத்தில் அருகருகே இருந்து ஒரு நாடகத்தைப் பார்த்துவிட்டால் நாம் ஒரு சமூகம் ஆகிவிடுவோமா? புலம்பெயர்ந்து வாழும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.

யாழ்ப்பாணக் கிராமங்களில் அம்மனுக்கு நேர்த்தி வைத்து ஆடுவது காத்தவராயன் கூத்து. இரவில் தொடங்கினால் முடிய விடிந்துவிடும். முத்துமாரியின் மகன் காத்தவராயன் ஆரியமாலையை விரும்பிக் கழுமரம் ஏறும் கதை அது. கதாநாயகன் ஒருவனே, ஆடுவோர் பலர். ஆதிக் காத்தானாக ஒருவர் வருவார், பின் காத்தானாக இன்னொருவர் வருவார். நாயகன் வேடம் எவருக்கும் முழுச் சொந்தம் அன்று. பகலெல்லாம் தோட்டத்தில் நின்றவர் இரவில் அண்ணாவியாரிடம் பழகி மேடையேறுவார். பார்த்திருப்போரிலும் பலருக்குப் பாட்டு மனப்பாடம்.

ஆயினும் பழமையைப் புகழ்வதோடு நின்றால் பாதி உண்மையே சொன்னவராவோம். ஊர் என்ற சொல்லுக்குள் எல்லோரும் அடங்கவில்லை. பெண் வேடங்களையும் ஆண்களே கட்டினர். கோயிற் கதவுகளோ சாதியின் பெயரால் பலருக்கு மூடியிருந்தன. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. ஆலயப் பிரவேசத்தைப் பொருளாகக் கொண்டு என். கே. ரகுநாதன் எழுதிய 'கந்தன் கருணை' நாடகம் காத்தவராயன் கூத்துப் பாணியிலேயே மேடையேறியது. ஊரைக் கூட்டிய அதே மெட்டு, ஊர் யாரை வெளியே நிறுத்தியது என்று கேட்கவும் பயன்பட்டது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? கூடியிருப்போரின் தொகை மட்டும் சமூகம் ஆகாது. இன்னும் உள்ளே வராதவர் யார் என்று கேட்கும் கூட்டமே சமூகம்.

ஹோம்புஷில் எமது கலைவிழாக்களுக்கு வருவோம். தமிழை நன்றாக உச்சரிக்கும் பிள்ளைக்குப் பெரிய வேடம் கொடுக்கிறோம். தட்டித் தடுமாறும் பிள்ளை மரமாகவோ மானாகவோ ஓரத்தில் நிற்கிறது. காத்தவராயன் முறைப்படி முருகன் வேடத்தை நான்கு பிள்ளைகளுக்குப் பகிர்ந்து கொடுத்தால் என்ன? தரம் குறையும் என்பர் சிலர். குறையலாம். ஆனால் அந்த மூன்று பிள்ளைகளும் முருகனின் சொற்களைத் தம் நாவால் சொல்லியிருப்பார்கள். மேடையின் நேர்த்தியை இவ்வளவு கவனமாகக் கணக்குப் பார்க்கும் நாம், மேடைக்கு வராமலே போன பிள்ளைகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

பெரியவர்களுக்கும் இது பொருந்தும். புதிதாக வந்து எவரையும் அறியாத குடும்பம், விசா முடிவுக்காக ஆண்டுக் கணக்கில் காத்திருப்பவர், பிள்ளைகள் வேலைக்குப் போனபின் வீட்டில் தனித்திருக்கும் முதியவர் ஆகியோருக்கு நுழைவுச்சீட்டு மட்டும் போதாது. திரை கட்டவும் உடுப்புத் தைக்கவும் பழைய பாட்டுச் சொல்லித் தரவும் அவர்களை அழைப்போம். பார்க்க வந்தவர் விழா முடிந்ததும் வீடு திரும்புவார். வேலையில் பங்கு கொண்டவரோ அடுத்த முறை கேளாமலே வந்து நிற்பார்.

அடுத்த விழாவுக்கு ஆள் சேர்க்கும்போது இதனைச் சிந்திப்போமாக.