‘பிழை செய்தோம்’ என்னும் சொல்

ஒருவன் செய்த குற்றத்திற்கு அவனே பொறுப்பாளி என்பது யாவரும் ஒப்பும் நீதி. அங்ஙனமாயின், ஒரு சமூகம் முழுவதும் கூடி நின்று, தம் முன்னோர் பிழையையும் தம் பிழையாக அறிக்கையிடுவது நீதிக்கு ஒத்ததாகுமா? இவ்வினாவை ஆராயுங்கால், பண்டை யூத மக்களின் வழக்கமொன்று நம் கருத்தை ஈர்க்கின்றது.

யூதர் தம்மைக் கடவுளோடு உடன்படிக்கை செய்துகொண்ட மக்களாகக் கருதினர். அவ்வுடன்படிக்கை ஒருமுறை செய்து மறந்துவிடுதற்குரியதன்று. ஏழாண்டுகட்கு ஒருமுறை ஆடவர், பெண்டிர், சிறுவர், அயலார் அனைவரையும் கூட்டி, நியாயப்பிரமாணத்தை அவர்தம் செவிகேட்க வாசித்தல் வேண்டுமென உபாகமம் விதிக்கின்றது. விறகு வெட்டுவோனும் தண்ணீர் சுமப்போனும் அதில் பங்காளிகளே.

கி.மு. 445-ல் பாரசீக மன்னனிடம் பணிபுரிந்த நெகேமியா எருசலேமுக்கு வந்து, இடிந்த மதிலைக் கட்டுவித்தார். அக்காலை ஏழைகள் ஓலமிட்டனர். வயலும் திராட்சைத் தோட்டமும் அடகிற் போயின. பெற்ற பிள்ளைகள் அடிமைகளாயினர். கடன் கொடுத்தவரோ அந்நியரல்லர், சொந்த இனத்தவரே! நெகேமியா செல்வரைச் சபை நடுவே கடிந்தார். ஆயினும், தாமும் தம்மைச் சேர்ந்தாரும் கடன் கொடுத்திருந்ததை அவர் மறைத்தாரல்லர். தம்மையும் உட்படுத்தியே வட்டியை ஒழிப்போமென்றார். செல்வரும் வாங்கியவற்றைத் திருப்பிக் கொடுப்பதாக ஆணையிட்டனர்.

பின்னர் தண்ணீர் வாசலின்முன் மக்கள் திரண்டனர். விடியல் முதல் நண்பகல்வரை எஸ்றா வாசிக்க, லேவியர் யாவர்க்கும் விளங்கப் பொருளுரைத்தனர். கேட்டோர் அழுதனர். அழுகையோடு நின்றிருப்பின் அதனாற் பயன் யாது? 84 பேர் பெயரால் முத்திரையிடப்பட்ட உடன்படிக்கையொன்று எழுந்தது. ஏழாம் ஆண்டில் கடனை விடுவதென்றும், ஆலயப் பணிக்கு ஆண்டுதோறும் மூன்றிலொரு சேக்கல் தருவதென்றும் உறுதி கொண்டனர்.

அவ்வுறுதியும் தளர்ந்தது. நெகேமியா மன்னனிடம் சென்று மீள்வதற்குள், லேவியர் தம் பங்கு கிடையாமல் வயல்களுக்கு ஓடிப்போயினர். அன்றியும், அதே உறுதிமொழி அயலாரோடு மணவுறவை விலக்கிற்று; எஸ்றாவின் காலத்தே அயற்குலத்து மனைவியர் தள்ளப்பட்டனர். சபையிற் குரலில்லாத பெண்டிர் சபையின் பாரத்தைச் சுமந்தனர். இதனை நாம் புகழ்தற்கில்லை. தன்னைத் திருத்தக் கூடிய சமூகம் எளியாரைப் பலியிடுமாயின், அது திருத்தமன்று.

தந்தையின் பாவம் மகனைச் சாராதென்று எசேக்கியேல் என்னும் தீர்க்கதரிசி முன்னரே முழங்கியுள்ளார். அஃது உடன்படிக்கைக்கு முரணன்று. குற்றம் செய்தவனுடையது, அக்குற்றத்தால் விளைந்த கேட்டை நீக்கும் கடமையோ, அதன் பயனை இன்றும் துய்ப்போர் அனைவருடையது என்பதே எம் முடிபு.

ஆகவே, ‘பிழை செய்தோம்’ எனச் சபையிற் கூறுதல் எளிது. வீடு சென்று, பெட்டியைத் திறந்து, ஏழையின் அடகுச் சீட்டை அவன் கையிற் கொடுத்தலே அரிது. அதனைச் செய்தவனுக்கே அச்சொல்லை மொழியும் உரிமையுண்டு.