பிரசவ பில் யார் பெயரில்?

அமெரிக்காவில் பெரிய நிறுவனங்களின் இன்சூரன்ஸ் உள்ள பெண்களுக்குக் கர்ப்பம் முதல் பிரசவத்துக்குப் பிந்தைய கவனிப்பு வரை சராசரியாக 18,865 டாலர் செலவானதாக 2022இல் ஒரு கணக்கு வெளிவந்தது. இன்சூரன்ஸ் போகக் கையிலிருந்து கட்டியது 2,854 டாலர். பிரிட்டனில், 1948 முதல், அங்கேயே வாழும் பெண்ணுக்கு இந்த பில்லே கிடையாது.

பிள்ளை பெறுவது அவரவர் விருப்பம், அதற்கு ஊரார் ஏன் அழ வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. எளிதில் தள்ளிவிட முடியாத கேள்விதான். பிள்ளையில்லாதவரும் அதற்கான வரியைக் கட்டுகிறார். ஜப்பானும் ஒருவகையில் இந்த வாதத்தை ஒப்புக்கொள்கிறது: சுகப்பிரசவம் நோயல்ல என்பதால் பொதுக் காப்பீட்டில் அது சேராமல் இருந்துவந்தது. ஆனால் ஈடாக மொத்தத் தொகை ஒன்று தரப்படுகிறது. 2023 ஏப்ரலில் அது 5 லட்சம் யென்னாக உயர்ந்தது. கருத்தரிப்பது விருப்பமாகவே இருக்கட்டும். பாதி வழியில் வரும் வலிப்பும் உதிரப்போக்கும் யாருடைய விருப்பம்?

இதைவிடச் சிக்கலானது பிரிட்டனின் மறுபக்கம். இங்கிலாந்தில் வாழும் உரிமை இல்லாத பெண்ணுக்கும், குறுகிய கால விசாவில் வந்தவளுக்கும், வழக்கமான கட்டணத்தில் ஒன்றரை மடங்கு விதிக்கப்படுகிறது. பணமில்லை என்று பிரசவம் பார்க்க மறுக்கக்கூடாது, அது சட்டம். பில் பின்னால் வரும். 500 பவுண்டுக்கு மேல் பாக்கி இரண்டு மாதம் நின்றால் மருத்துவமனை உள்துறைக்குத் தெரிவிக்கலாம், அடுத்த விசாவுக்கு அது இடைஞ்சலாகும்.

வரி கட்டாதவருக்கு ஏன் இலவசம் என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. அங்கே பிறந்தாலே குடியுரிமை என்பது 1983லேயே போய்விட்டது; ஆகவே பாஸ்போர்ட்டுக்காகப் பெற வருகிறார்கள் என்ற சந்தேகம் அவ்வளவாக நிற்காது, இலவச வைத்தியத்துக்காக வருகிறார்கள் என்பது நிற்கலாம். ஆனால் இந்தக் கட்டணம் தடுப்பது எதை? பிரசவத்தை யாராலும் தள்ளிப்போட முடியாது. தள்ளிப்போட முடிவது அதற்கு முந்திய பரிசோதனைகளைத்தான். பில்லுக்குப் பயந்து அவள் வீட்டிலேயே இருந்துவிட்டால், ஏறிய இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்க ஆள் இருக்காது. வயிற்றில் இருப்பதோ விசா விதியை மீறாத ஓர் உயிர்.

ஃபின்லாந்து நேர்மாறாக யோசித்தது. குழந்தைத் துணிகளும் படுக்கையும் அடங்கிய பெட்டியை 1938இல் ஏழைத் தாய்மாருக்குக் கொடுக்கத் தொடங்கியது. 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும். வாங்க ஒரு நிபந்தனை: நான்காம் மாதம் முடிவதற்குள் பரிசோதனைக்கு வர வேண்டும். பல பிள்ளைகள் அந்த அட்டைப் பெட்டிக்குள்ளேயே தூங்கி வளர்ந்தன.

அந்தப் பெட்டியும் அந்நாட்டுச் சமூகப் பாதுகாப்புக்குள் இருப்பவர்களுக்கே. கோடு எங்கேயாவது விழத்தான் செய்யும். ஆனாலும் இங்கிலாந்தில் பிரசவக் கட்டணத்தைத் தவணையாக வாங்கலாம், வசூலாகாததைத் தள்ளுபடி செய்யலாம். குறைந்தபட்சம், பேறுகாலப் பாக்கியை உள்துறைக்கு அனுப்பும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். ஏழாம் மாதத்தில் பரிசோதனைக்கு வருபவள் விசாவை நினைத்து வாசலிலேயே திரும்பிப் போகாமலிருக்க அந்த ஒன்றாவது வேண்டும்.