திறந்து வைத்த பெட்டி

ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை 1981 ஆகஸ்ட் 12 அன்று வெளியிட்டது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், போகா ரேட்டன் என்ற ஊரில், ஒரு சிறு குழு ஏறக்குறைய ஓராண்டுக்குள் உருவாக்கிய இயந்திரம் அது. எல்லாவற்றையும் தானே தயாரித்துப் பழகிய நிறுவனத்துக்கு அப்போது அவகாசம் இல்லை. இன்டெலின் 8088 சிப், மைக்ரோசாஃப்டின் டாஸ் இயங்குதளம் என வெளியில் கிடைத்ததை வாங்கிக் கோத்தார்கள். பிறர் செய்யும் அட்டைகளைச் செருக உள்ளே 5 இடங்கள் விட்டார்கள். சுற்றுப்படங்களையும், கணினியைத் துவக்கிவைக்கும் பயாஸ் நிரலையும்கூடப் புத்தகமாக அச்சிட்டு விற்றார்கள்.

போட்டியாளர்களைத் தடுத்து நின்றது பயாஸின் பதிப்புரிமை ஒன்றுதான். காம்பாக் நிறுவனம் அதை நேர்மையாகவே தாண்டியது. பயாஸ் என்னென்ன செய்கிறது என்று ஒரு குழு குறிப்பெடுத்தது. அசல் நிரலைக் கண்ணாலும் காணாத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை மட்டும் வைத்துப் புதிதாக எழுதியது. பிறகு பலரும் இந்த வழியில் வந்தார்கள், விலை இறங்கியது. 1987இல் ஐபிஎம் கதவைச் சாத்தப் பார்த்தது. அட்டைகளைச் செருகும் மைக்ரோ சேனல் என்ற புது அமைப்புக்கு உரிமக் கட்டணம் கேட்டது. சந்தை பின்தொடரவில்லை.

ஐபிஎம் உலகுக்குச் செய்த பெரிய நன்மை, அந்த அவசரத்தில் திறந்து வைத்த பெட்டிதான் என்பேன். அதன் தடம் இன்றும் இருக்கிறது. அன்று டிரைவ் எழுத்துகளில் ‘ஏ’, ‘பி’ இரண்டும் ஃப்ளாப்பிகளுக்குப் போயின. ஃப்ளாப்பியே இல்லாத இன்றைய விண்டோஸ் கணினியிலும் டிரைவ் வரிசை ‘சி’யில்தான் தொடங்குகிறது.